பார்க்காமல் அனுப்பிய வீடியோ

9, திங்கள்

காலையிலேயே கொதிக்கிற வெயில். காற்று சுத்தமாக இல்லை. உப்பளத்துப் பக்கம் திரும்பினாலே கண் கூசுகிறது. வீட்டுக்காரர் ஐந்து மணிக்கே போய்விட்டார். மேஸ்திரி வேலை, ஆட்கள் வருவதற்கு முன்னால் உப்புப் பாத்தியில் நிற்க வேண்டும். வெயில் அடித்தால் உப்பு விளையும், அவருக்குச் சந்தோஷம். எனக்குத் தலைவலி.

செய்ய வேண்டியவை: மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள். கேஸ் புக் பண்ண. ஞாயிறு ஆராதனைக்கு உலக சமாதான ஜெபம் எழுத. இந்த மாதம் என் முறை.

போன முறை எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். உக்ரைன், காசா, சூடான். அதற்கு முந்தைய தாளிலும் அதே. வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு தேசத்தின் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறேன், வருகைப் பதிவேடு மாதிரி. யாரும் டி.சி. வாங்கிக்கொண்டு போவதில்லை. இந்த முறை வளைகுடாவும். டிவியில் மூன்று நாளாக அதுதான். ஏவுகணை, புகை, மூடிய விமான நிலையம்.

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர்:

"எங்கயோ குண்டு போட்டா நமக்கு இன்னாப்பா?"

"டீசல் வெல ஏறும் பாரு, அப்ப தெரியும்."

10, செவ்வாய்

தப்பு செய்துவிட்டேன்.

சபை குரூப்பில் பாஸ்டர் ஒரு வீடியோ போட்டிருந்தார். கடைசி காலத்தின் அடையாளம், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று. அடுப்பில் குழம்பு. முதல் அரை நிமிடம் பார்த்தேன், ஜெபம் மாதிரி இருந்தது. சொந்தக்காரர் குரூப், பள்ளி ஆசிரியர் குரூப், வரிசையாக டிக் போட்டு அனுப்பினேன். பஸ் பிடிக்கிற அவசரம்.

பள்ளி இருப்பது கோட்டக்குப்பத்தில். அங்கே பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில். மும்தாஜின் மகன் ரியாஸும்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மும்தாஜ் எனக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர். பதினான்கு வருடமாக ஒரே மேஜையில் சாப்பாடு. "வாடி எஸ்தர்" என்றுதான் கூப்பிடுவாள்.

இன்று மதியம் டப்பாவைத் திறக்காமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். போய்க் கேட்டேன்.

"தலவலி. நீங்க சாப்டுங்க டீச்சர்."

நீங்க. டீச்சர்.

பிறகு எச்.எம். தனியாகக் கூப்பிட்டார். "அந்த வீடியோவ எடுத்துடுங்கம்மா. பெரிய விஷயம் ஆக்க வேணாம்." எடுத்துவிட்டேன், அப்போதும் முழுசாகப் பார்க்காமலே. எல்லாரும் பார்த்த பிறகு எடுத்து என்ன?

11, புதன்

மும்தாஜ் லீவு. ரியாஸ் திங்கட்கிழமையிலிருந்து போன் எடுக்கவில்லையாம். துறைமுகத்தில் ஏதோ விழுந்தது என்று செய்தி. சத்துணவு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு மும்தாஜ் சொல்லவில்லை.

அவள் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு பெண் குழந்தை எழுந்து, "டீச்சர், ரியாஸ் அண்ணன் செத்துட்டாராமா?"

"யாரு சொன்னா?"

"தெருவுல."

உட்காரச் சொன்னேன்.

சாயந்தரம் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நேரா வீட்டுக்குப் போயி மன்னிப்பு கேட்டுடு."

"என்னன்னு கேக்குறது?"

"என்னன்னு தெரியாமயா அனுப்புன?"

தெரியாமல்தான் அனுப்பினேன். அதுதான் வெட்கம்.

12, வியாழன்

பள்ளி விட்டதும் போனேன். வாசல் நிறையச் செருப்பு. கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம். அதற்குள் மும்தாஜ் பார்த்துவிட்டாள். உள் அறைக்குக் கூட்டிப் போனாள்.

"மன்னிச்சிடு மும்தாஜ். நான் அத முழுசா பாக்கல."

"தெரியும். பாத்திருந்தா அனுப்பியிருக்க மாட்டீங்க. இப்ப பாருங்க."

அவள் போனில் சேமித்து வைத்திருந்தாள். கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள். பதினோரு நிமிடம். முதலில் ஜெபம். பிறகு கோட் போட்ட ஒருவர் எரிகிற கட்டடங்களைக் காட்டுகிறார். எல்லாம் முன்பே சொல்லப்பட்டதாம், இன்னும் விழுமாம், பார்த்து நாம் சந்தோஷப்பட வேண்டுமாம். கூட்டம் கை தட்டுகிறது. அல்லேலூயா. புகைக்கு நடுவே வரிசையாகக் கிரேன்கள்.

மும்தாஜ் அந்த இடத்தில் நிறுத்தினாள். திரையில் விரலை வைத்தாள். "இந்த ரெண்டாவது. இதான் என் வண்டின்னு போன மாசம் போட்டோ அனுப்பினான்."

எனக்கு அழுகை முட்டியது. அவள் அழவில்லை. அவள் முன்னால் நான் அழுவது நியாயமாகப் படவில்லை. அடக்கிக்கொண்டேன். போகும்போது டீ குடிக்கச் சொன்னாள். குடித்தேன்.

13, வெள்ளி

ரியாஸிடமிருந்து ஒன்றும் இல்லை.

பாஸ்டருக்குப் போன் செய்தேன். அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம்.

"சிஸ்டர், தேவ திட்டத்த நாம கேள்வி கேக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம ஜெபம் பொதுவா இருக்கட்டும்."

பொதுவாக. இத்தனை வருடமும் பொதுவாகத்தான் ஜெபித்தேன். வலிக்கவே இல்லை.

விசுவாசம் போகவில்லை. களைப்பு, அவ்வளவுதான். ஆண்டவர் வருகிறார் என்றால் வரட்டும். துறைமுகத்தை எரித்துக்கொண்டுதான் வர வேண்டுமா? அழியப்போகிற நகரத்தைப் பார்த்து அழுத ஆண்டவரைத்தானே கும்பிடுகிறோம்? ஞாயிறு பள்ளியில் அப்படித்தானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்?

நோட்டுகள் இன்னும் திருத்தவில்லை.

15, ஞாயிறு

திடீரென்று தூறல். குவித்த உப்பை மூட இவர் பாதி ஆராதனையில் ஓடினார்.

என் முறை வந்தது. தாளை எடுத்தேன். தேசங்களின் பெயர். சொல்ல வாய் வரவில்லை. மடித்துவிட்டுச் சொன்னேன்: "எங்கூட வேல செய்யுற டீச்சரோட பையன் ரியாஸ். இருபத்தாறு வயசு. ஆறு நாளா போன் இல்ல. அவன் இருக்குற ஊரு எரியுறத ஒரு அடையாளம்னு நான் எல்லாருக்கும் அனுப்பினேன். ஆண்டவரே, அவன காப்பாத்துங்க. என்ன மன்னிச்சிடுங்க."

ஆமென் சரியாக வரவில்லை. மூன்று நான்கு குரல். பாஸ்டர் உடனே பாட்டு ஆரம்பித்துவிட்டார்.

வெளியே உப்பளத்து ராஜம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மருமவனும் அங்கதான் டீச்சர். சபையில சொன்னா எதுனா நெனப்பாங்கன்னு சொல்லல."

மற்றவர்கள் தூறலைச் சாக்கிட்டு வேகமாகக் கிளம்பினார்கள்.

16, திங்கள்

ரியாஸ் நேற்று மாலை பேசிவிட்டான்! எல்லாரையும் பேஸ்மென்ட்டில் வைத்திருந்தார்களாம், டவர் இல்லை. உயிரோடு இருக்கிறான். இடது காது கேட்கவில்லை. விமானம் எப்போது விடுவார்கள் என்று தெரியாது. பஸ் விட்டு இறங்கியதும் வாட்ச்மேன் சொன்னார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மும்தாஜ் வராந்தாவில் நிறுத்தினாள்.

"சபையில எம்புள்ள பேரச் சொன்னீங்களாமே. லைவ்ல பாத்துட்டு எதிர் வீட்ல சொன்னாங்க."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"வீடியோவும் பாக்காம அனுப்புறீங்க. ஜெபமும் கேக்காம பண்ணுறீங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். இருவரும் நகரவில்லை.

"இப்ப கேக்குறேன். ஜெபத்துல அவன் பேரச் சொல்லட்டுமா?"

மும்தாஜ் முந்தானையைச் சரி செய்தாள். கரும்பலகைப் பக்கம் பார்த்தாள்.

"சொல்லுங்க. ஆனா அவன் மட்டும் இல்ல. அவன் ரூம்ல நாலு பேரு. நாலு பேரையும் சொல்லணும்."

கணக்கு நோட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதினேன். ரியாஸ். கடலூர் முருகன். கேரளத்து ஷாஜி. நாலாவது ஒரு நேபாளத்துப் பையன், முகத்தில் கண்ணாடி குத்தி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் பெயர் அவளுக்கும் தெரியவில்லை. ரியாஸிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.