என் டிசி எங்கே?

மே 27, செவ்வாய்

தடைக்காலம். அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் அமிர்தலிங்கம் மாமா வந்தார். அம்மாவுக்குப் பெரியம்மா மகன். ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. எங்கள் தெருவிலிருந்து மட்டும் போன வருஷம் ஏழு பேர்.

"கவர்மென்ட் காலேஜ்ல வாத்தியாரே வரமாட்டான் மாப்ள. பொம்பளப் புள்ளைய அங்க சேப்பாங்களா?"

அரசு கல்லூரியில் விலங்கியலுக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டேன் என்றேன். "மீன் விக்கிற வீட்ல பொறந்துட்டு மீனையே படிக்கப் போறியா?" என்று சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் ஆறவே இல்லை.

மே 30

என் டிசியை அப்பா மாமாவிடம் கொடுத்துவிட்டார். பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட்டும் சேர்த்து. எல்லாம் ஒரிஜினல். நான் குளத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

"சீட்டு புடிச்சு வைக்கத்தாம்மா. திருப்பிக் குடுத்துடுவான்."

தன் மீனவர் அட்டையை ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிற மனுஷன்! அதைக் கேட்டால் கொடுப்பீங்களா என்றேன். "சொந்தக்காரன் வாசப்படி ஏறி வந்து கேக்குறான். இல்லைன்னா சொல்ல முடியும்?" முடியும். நான் பத்து தடவை சொல்லியிருப்பேன்.

என்ன பாடம் என்று கேட்டேன். "ஏதோ கம்ப்யூட்டராம்." ஏதோவா? மூணு வருஷம் உட்கார்ந்து படிக்கப்போறது யாரு?

ஜூன் 15

தடை முடிந்தது. அப்பா விடிவதற்கு முன்பே படகு ஏறிவிட்டார். திரும்ப ஒரு வாரம் ஆகும்.

ஜூன் 17

அரசு கல்லூரியிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது! நாளை மறுநாள் கவுன்சலிங். ஒரிஜினல் கட்டாயம்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் காலேஜ் ஆபீஸ்ல இருக்கும்மா. உங்கப்பா கையெழுத்துப் போட்டிருக்காரு, அவர்தான் வந்து வாங்கணும்."

அப்பா நடுக்கடலில் இருக்கிறார். போன் எடுக்காது. இது மாமாவுக்குத் தெரியாதா? இதே தெருவில் பிறந்தவர்தானே? தெரிஞ்சேதான் சொல்றார். எல்லாம் என் நல்லதுக்காம். என் நல்லதைப் பத்தி என்னைத் தவிர ஊரே பேசுது.

ஜூன் 18

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

அம்மா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தாள். கூடையில் பாதி மத்தி விற்காமல் கிடந்தது. அப்படியே இரண்டு பேரும் அந்தக் கல்லூரிக்குப் போனோம். ஏசி ஹால், சோபா, கண்ணாடிக் கதவு. அங்கேயும் அதே பல்லவி: அப்பா வரணும்.

அம்மா கத்தவில்லை. ஹால் நடுவில் கூடையை இறக்கினாள். மேலே போட்டிருந்த சாக்கை எடுத்து மடித்து, அதன் மேல் உட்கார்ந்தாள். "அவரு கடல்லேந்து வர நாலு நாளாவும் சார். பரவால்ல, நாங்க இங்கயே இருக்கோம்."

அட்மிஷனுக்கு வந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். வாட்ச்மேன் கூடையைத் தூக்க வந்தார். "தூக்குனா முழுசும் நீங்கதான் வாங்கிக்கணும்" என்றாள் அம்மா. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் டிசி இருந்த கவர் கைக்கு வந்துவிட்டது.

பஸ்ஸில் சிரித்தேன். பிறகு அழுதேன். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நில்லு, வாசனை அடிக்குது என்று இந்த அம்மாவிடம்தான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அசிங்கமாக இருக்கிறது.

ஜூன் 19

அரசு கல்லூரி வரிசையில் எனக்கு ஆறு பேர் முன்னால் அமிர்தலிங்கம் மாமா! எனக்கு உதவி செய்யத்தான் வந்திருக்கிறாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மடச்சி. பக்கத்தில் அவர் மகள் கலைமகள். அவர் கையில் ஃபைல்.

"என்ன மாமா, இங்க வாத்தியாரே வரமாட்டாங்களாமே?" சத்தமாகத்தான் கேட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"இவதாம்மா ஒரே பிடிவாதம்..."

கலைமகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நானா? பத்தாவதுலேந்தே கவர்மென்ட் காலேஜ்தான்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் அங்கே. தன் பிள்ளை மட்டும் இங்கே. சே!

எனக்கு விலங்கியல் கிடைத்தது.

ஜூன் 22

அப்பா கரைக்கு வந்துவிட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். "இனி அவன் இந்த வீட்டுப் பக்கம் வரட்டும்" என்று குதித்தார்.

"வரட்டும்ப்பா. கேட்டா இல்லைன்னு சொல்லுங்க, அது போதும்" என்றேன்.

அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்த விலங்கியல்ல என்னம்மா சொல்லிக் குடுப்பாங்க?" என்றார்.

நான் என்ன படிக்கிறேன் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பதில் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கோபம் அப்படியே இருந்தது.

உட்கார்ந்து சொன்னேன். சோறு காய்ந்துபோன கையோடு கேட்டுக்கொண்டே இருந்தார்.