பதினாறு லிஃப்டர்

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். பட்டறையில் ஃபோர்மேன் மட்டும் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வால்வைத் தள்ளும் லிஃப்டர்களை எண்ணெயில் ஊறவைக்காமல் மாட்டி அந்த நீல நிற வேனின் இன்ஜினை நீ கெடுத்தாய் என்று முதலாளியிடம் சொல்லி, உன்னை வெளியே அனுப்பியவன் அவன்தானே. அவசரத்துக்கு மாட்டியவனே அவன்தான் என்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நீ ஊரைவிட்டுப் போன பிறகு நான் அதே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தது சம்பளத்துக்கு என்று அம்மா நினைக்கிறாள். அவள் அப்படியே நினைக்கட்டும்.

போன வாரம் அதே மாதிரி ஒரு வேன் வந்தது. புது லிஃப்டர் பதினாறு. எண்ணெய்த் தட்டில் போட்டு, ஒவ்வொன்றையும் கம்பியால் அமுக்கி அமுக்கிக் காற்றுக் குமிழி நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அடியில் மசகுப் பசை தடவி, துளையில் இறக்கி, விரலால் சுற்றிப் பார்த்தேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் செய்தேன். முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

ஃபோர்மேன் பொறுமை போய், குழந்தையைக் குளிப்பாட்டுகிறாயா, சீக்கிரம் மாட்டு என்று கத்தினான். அன்றைக்கு அந்த நீல வேனுக்கு ஊறவைத்தீர்களா என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். அதுக்கு எங்கே நேரம் இருந்தது, பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினேன் என்று வாயைவிட்டான். பிறகுதான் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

முதலாளி கையை நீட்டி, அவனிடமிருந்து கருவி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது அவன் மண்ணெண்ணெயில் சாமான் கழுவுகிறான். அழுக்குப் போகவில்லை என்று நான் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

முதலாளி உன் முகவரி கேட்டார். உன்னைக் கேட்காமல் கொடுக்கவில்லை. அவனும் உன்னிடம் பேச வேண்டும் என்கிறான். பேசாதே அண்ணா. உனக்கு இளகிய மனசு, இரண்டு வார்த்தை அழுதால் போதும், போகட்டும் விடு என்பாய்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. அன்று, அதை நான் மாட்டவில்லை என்று நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது, நானும் நம்பவில்லை. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினாய்.

அவனுக்கு மன்னிப்பு கிடையாது. உன்னிடம் கொஞ்சம் இருந்தால், அதை எனக்கு வைத்திரு.

உன் கைக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன் தங்கை