ஆறு தகடு, முப்பது சொல்

சிவமயம்
கோட்டையூர்
பிரபவ வருஷம் (1927) ஆவணி 14

மீனாள் அப்பச்சி அவர்களுக்கு நீலாயதாட்சி எழுதிக்கொண்டது.

நானும் உங்கள் மகள் மீனாளும் சுகம். அங்கே பர்மாவில், மோல்மேனில் உங்கள் சுகத்துக்கு எழுதவும். போன தடவை அனுப்பிய மாவடு கெட்டுப்போய் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். கப்பல்காரன் வெயிலில் போட்டதற்கு என்னைக் கோபித்து என்ன பிரயோசனம்?

நேற்று சாமான் அறையை ஒழித்தேன். பெட்டிகளில் நம் கடை விலாசமான இங்கிலீஷ் எழுத்துகளை அடிப்பதற்காக வெட்டிய தகரத் தகடுகள் ஆறும் அகப்பட்டன. கல்யாணமாகிப் பதினாலு வருஷமாக ஒவ்வொரு பெட்டியிலும் பார்க்கிற எழுத்துதான். ஆனால் எது எந்த எழுத்து என்று எனக்குத் தெரியாது. மீனாள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆர், எம், ஏ, டி, என், பி. மூன்று தகட்டைச் சேர்த்து வைத்து, "ஆத்தா, இது மேட். பாயின்னு அர்த்தம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இவளுக்குப் பன்னிரண்டு வயதுதான் ஆகிறது. தையில் கல்யாணம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். மதுரையில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அங்கே அனுப்பலாம்.

நீலாயதாட்சி

*

சிவமயம்
மோல்மேன்
புரட்டாசி 8

சௌபாக்கியவதி நீலாயதாட்சிக்கு ஆசீர்வாதம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். மழை விட்டபாடில்லை. உன் கடுதாசியைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. இங்கிலீஷ் படித்துக் கவர்னருக்கு மனுக் கொடுக்கப் போகிறாயா?

சரி, உனக்கு ஒரு பந்தயம். அந்த ஆறு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது இங்கிலீஷ் சொல் கண்டுபிடி. ஒரு சொல்லில் ஒரு எழுத்து ஒரு தடவைதான் வரலாம். கார்த்திகைக்குள் முடித்தால் மீனாள் மதுரையில் படிக்கட்டும், எனக்குச் சம்மதம். முடியாவிட்டால் தையில் கல்யாணம், நீ வாய் திறக்கக் கூடாது. நம் கடை குமாஸ்தா மாயக்கண்ணன் மெட்ரிக்குலேஷன் வரை படித்தவன். அவனே ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துப் பதினொன்றோடு எழுந்துவிட்டான்.

பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதுகிறேன். சொல் மாறுகிற பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது.

ஞானசம்பந்தம்

*

சிவமயம்
கோட்டையூர்
ஐப்பசி 20

மீனாள் அப்பச்சி அவர்களுக்கு,

சுகம். தீபாவளிக்குப் பலகாரம் செய்தேன், சாப்பிடத்தான் ஆளில்லை.

உங்கள் பந்தயம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. முதல் எட்டு நாளில் ஏழு சொல்தான் வந்தது. சமைக்கும்போதும் தகடு, குளிக்கும்போதும் தகடு. பிறகுதான் ஒன்று புரிந்தது. ஏ என்கிற எழுத்து இல்லாமல் எந்தச் சொல்லும் நிற்கவில்லை. ஆறில் உயிரெழுத்து அது ஒன்றுதான். அதை நடுவில் வைத்து, வலப்பக்கம் என் என்கிற எழுத்தை நிறுத்தினேன். இடப்பக்கம் மற்றதையெல்லாம் மாற்றி மாற்றி வைத்தேன். மேன், பேன், டேன், ரேன் என்று வரிசையாக வந்தது. அப்புறம் அந்த எழுத்தை எடுத்துவிட்டுப் பி எழுத்தை வைத்தேன். மேப், டேப், நேப். கடைசிச் சொல்லுக்குக் குட்டித் தூக்கம் என்று அர்த்தமாம். உங்கள் மதியத் தூக்கத்துக்கு இங்கிலீஷிலும் பேர் இருக்கிறது!

நானாக இட்டுக்கட்டினேன் என்று சொல்வீர்கள். செக்காலைப் பள்ளிக்கூடத்துச் சோலையம்மாள் டீச்சரிடம் அகராதி இருக்கிறது. நாலு தடவை வண்டி கட்டிப் போய் ஒவ்வொன்றையும் காட்டினேன். ராம் என்று அடுக்கி, சாமி பேர் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். டீச்சர், "செம்மறிக் கடாவைக் கும்பிடுறீகளே ஆச்சி" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்பது சொல்லைத் தள்ளினார். அதற்குப் பதிலாகப் பதிமூன்று கொண்டுபோனேன்.

எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு. காகிதத்தில் எழுதினால் யாரோ எழுதித் தந்தது என்பீர்கள். அதனால் உங்களுக்குச் சீடையும் வற்றலும் வைத்த மரப்பெட்டியின் நாலு பக்கமும் கறுப்பு மையால் நானே அடித்திருக்கிறேன். கப்பலேறும் இராமு அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

மீனாளுக்கு மதுரைக்கு வேண்டிய துணிமணி எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

நீலாயதாட்சி

*

சிவமயம்
மோல்மேன்
கார்த்திகை 20

சௌபாக்கியவதி நீலாயதாட்சிக்கு,

பெட்டி வந்தது. நீ செய்தது உனக்கே நன்றாக இருக்கிறதா? துறைமுகத்திலிருந்து கடைத்தெரு முழுக்க அதைப் பார்த்துவிட்டார்கள். "என்ன செட்டியாரே, வீட்டிலேயிருந்து பள்ளிக்கூடத்தையே பெட்டியிலே அனுப்பியிருக்காக?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மாயக்கண்ணன் அகராதியோடு உட்கார்ந்து பார்த்து, முப்பத்திரண்டும் சரி என்கிறான். ஆச்சிக்கு என் நமஸ்காரத்தை எழுதுங்கள் என்கிறான்.

எனக்கும் பெருமைதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன்னிடம் மறைத்துப் பயன் இல்லை. கண்டரமாணிக்கம் அழகுசுந்தரம் செட்டியாருக்கு ஆனி மாதமே வாக்குக் கொடுத்துவிட்டேன். தை 26 முகூர்த்தம். நீ அழுதுகொண்டே இருப்பாயே, பொழுது போகட்டும் என்றுதான் அந்தப் பந்தயம் வைத்தேன். முப்பது வரும் என்று யார் கண்டது? ஆம்பளைகள் கொடுத்த வாக்கை மாற்ற முடியாது. உனக்கு ஒரு வைர மூக்குத்தி கொண்டுவருகிறேன். மனத்தைத் தேற்றிக்கொண்டு கல்யாண வேலையைப் பார்.

ஞானசம்பந்தம்

*

சிவமயம்
மதுரை
மார்கழி 22

மீனாள் அப்பச்சி அவர்களுக்கு,

உங்கள் கடுதாசி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. பொழுது போவதற்கு என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியை என்னால் தாங்க முடியவில்லை. நான் ஒரு மாதம் உயிரைக் கொடுத்தது உங்களுக்கு விளையாட்டு. அழவும் அழுதேன். மறுநாள் எழுந்து வண்டி கட்டச் சொன்னேன்.

கண்டரமாணிக்கம் போனேன். மாப்பிள்ளையின் ஆத்தாவிடம் இந்தக் கல்யாணம் இல்லை என்று நேரில் சொன்னேன். "ஆம்பளைக பேசி முடிச்சதை நீங்க வந்து முறிக்கிறீகளே ஆச்சி, இது எந்த ஊரு நியாயம்?" என்று கேட்டார்கள். "பெத்தது நானு. எங்கிட்ட யாரும் கேக்கலை" என்றேன். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் வாசல் வரை வந்து, "பொண்ணு நல்லாப் படிக்கட்டும்" என்றார்கள். உங்களுக்கு அவர்கள் வீட்டிலிருந்தும் கடுதாசி வரும்.

பிறகு சோலையம்மாள் டீச்சரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மதுரைக்கு வந்தேன். நடு வருஷத்தில் எப்படிச் சேர்ப்பது என்று வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியை முதலில் முனகினார். தகப்பனார் சம்மதம் எங்கே என்று கேட்டார். உங்கள் புரட்டாசிக் கடுதாசியைக் கொடுத்தேன். பிள்ளையார் சுழியும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. டீச்சர் அதை இங்கிலீஷில் படித்துச் சொன்னார். முந்தாநாள் மீனாளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று விடுதியில் விட்டபோது அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். விடுதிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிவந்திருக்கிறேன். அவளுக்குப் பழகும் வரை இங்கேதான் இருப்பேன். கோட்டையூர் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மழையில் நனைய வேண்டாம். தையில் நீங்கள் கல்யாணத்துக்காக வருவதானால் நேரே கோட்டையூருக்குப் போங்கள். வீடு பூட்டியிருக்கும். மகளைப் பார்க்க வருவதானால் மதுரையில் இறங்குங்கள். ரயிலடிக்கு நானும் அவளும் வருவோம்.

நீலாயதாட்சி