நான் அசைத்த தலை

போன சனிக்கிழமை மெல்பேர்னின் வடக்கே கிரெய்கிபர்னில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஆட்கள் நாடகம் போட்டார்கள். உடுப்பு தைத்துக் கொடுத்தது நான்தான். எண்பதைத் தொட்ட பிறகும் ஊசியைக் கீழே வை என்று ஒருவரும் சொல்வதாக இல்லை. அரசனாக நடிக்க இருந்த பல் வைத்தியர் ஓடிவந்து, "அன்ரி, இந்த மீசையை ஒருக்கால் பிடியுங்கோ, விழப்போகுது" என்று பசைக் குப்பியை மூக்குக்கு நேரே நீட்டினார். அந்த மணம் பட்டதும் நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். நீங்கள் நடித்த நாட்களில் உங்கள் ஒப்பனை அறையில் அடித்த மணம் அது. ஐம்பது வருடமாக உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருப்பதை இனியாவது எழுத வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் நான் மெல்பேர்னுக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தில் எடுத்த பட்டம் இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்குத் தைக்கத் தெரியும் என்பது மட்டும் விளங்கியது. நகரத்து அரங்கொன்றின் உடுப்பறையில் உடுப்பு வெட்டவும் பொத்தான் தைக்கவும் வேலை கிடைத்தது. "வெள்ளைக்காரன்ரை காற்சட்டைக்குத் தெறி தைக்கவோ நீர் படிச்சனீர்?" என்று வீட்டில் இவர் முணுமுணுத்தார்.

முதல் உடுப்பே உங்களுடையதுதான். கோட் தோளில் பொருந்துகிறதா என்று கேட்டீர்கள். ஓம் என்பதற்கு எங்கள் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். இல்லை என்று எடுத்துக்கொண்டு கழற்றிவிட்டீர்கள். மறுபடி போட, நான் மறுபடி ஆட்ட, நீங்கள் மறுபடி கழற்ற, மூன்றாம் தரம்தான் இருவருக்கும் விஷயம் பிடிபட்டது. "உங்கள் தலைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

இங்கிலாந்தின் கடற்கரை ஊரொன்றில் கிழமைக்கு ஒரு நாடகம் போடும் குழுவில் தொடங்கியவர் நீங்கள். "திங்கட்கிழமை தலைக்குள் இருக்கும் ஒருவனைக் குடியெழுப்பி இன்னொருவனைக் குடிவைப்பேன்" என்பீர்கள். பிறகு லண்டன் மேடையில் இருபது வருடம் கதவு திறக்கும் வேலைக்காரன், கடிதம் கொண்டுவரும் வக்கீல். ஒரு குழுவோடு இங்கே சுற்றுப்பயணம் வந்தவர் திரும்பிப் போகவில்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் உங்களைப் பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். இறைச்சிக் கடைக்காரர் உங்களைக் கண்டால் சல்யூட் அடிப்பார். அதற்கு நீங்கள் கூச்சப்பட்டதும் எனக்குத் தெரியும், ஒருநாள் அவர் அடிக்க மறந்தபோது உங்கள் முகம் விழுந்ததும் தெரியும்.

வசனம் பாடமாக்கும்போது என்னைத்தான் கூப்பிடுவீர்கள். உங்கள் மனைவியாகவும் மகளாகவும் கள்வனாகவும் என் யாழ்ப்பாண ஆங்கிலத்தில் நான் வாசித்தேன். ஒரு நாள் சொல்லி முடித்த பந்தியையே திரும்பவும் தொடங்கினீர்கள். பகிடி விடுகிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் அதே கதை நடந்தபோது பயம் பிடித்தது. தொலைக்காட்சியில் சமாளித்துவிட்டீர்கள். மேசையில் விரித்த கோப்புக்குள் வசனம் இருக்கும், தொப்பிக்குள்ளும் இருக்கும். மேடையில் எங்கே ஒளிப்பது? மேடையை விடுங்கள் என்றேன். "தொலைக்காட்சியில் என்னைப் பார்க்கிறார்கள். மேடையில்தான் நான் இருக்கிறேன்" என்றீர்கள். இயக்குநரிடம் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. அது சரியோ பிழையோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று புதன்கிழமைப் பகல் காட்சி. நீங்கள் ஓய்வுபெற்ற கப்பல் தலைவர். கடலில் மாண்ட மகனைப் பற்றி மகளிடம் சொல்லும் நீண்ட பேச்சு. அடுத்த காட்சிக்கான கோட்டோடு மேடை ஓரத்துத் திரை மறைவில் நான் நின்றேன். எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்! முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது. பேச்சு முடிந்ததும் உங்கள் கண் என்னைத் தேடி வந்தது. சொல்லிவிட்டேனா என்று அது கேட்டது. சொல்லிவிட்டீர்கள், ஓம் ஓம் என்று நான் தலையை ஆட்டினேன். பதற்றத்தில் ஊர்த் தலைதான் ஆடியது.

அந்த ஆட்டலுக்குப் பொருள் உங்களுக்குத் தெரியும். அன்று அதுவும் மறந்திருந்தது. மறுபக்கத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவள் அடுத்த வரியைக் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள். நீங்கள் என்னைத்தான் நம்பினீர்கள். மகன் இரண்டாம் தரமும் கடலுக்குப் போனான். அதே சொற்கள், அதே இடத்தில் அதே நடுக்கம். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் நீங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அந்தக் கிழமையே வேறொருவர் உங்கள் கோட்டைப் போட்டார். தொடரில் இன்ஸ்பெக்டருக்கு எங்கோ தூரத்து ஊருக்கு மாற்றல் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து உங்கள் தங்கை வரச்சொல்லி எழுதினார்.

விமான நிலையத்தில் கேட்டீர்கள்: "அன்று மேடை ஓரத்தில் உங்களைக் கண்டேன். நீங்கள் இல்லை என்றுதானே தலையை ஆட்டினீர்கள்?"

இயக்குநருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. அதைவிட, உங்கள் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளும் வெட்கம். "நான் அங்கே நிற்கவேயில்லை. உடுப்பறையில் இருந்தேன்" என்றேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு, "அப்படியென்றால் இல்லாத ஆட்களையும் காணத் தொடங்கிவிட்டேன்" என்றீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

இரண்டு வருடம் கழித்து நீங்கள் இறந்த செய்தியைத் தங்கை எழுதியிருந்தார். கடைசிக் காலத்தில் யாராவது அறைக்குள் வந்தால், "இவர் உண்மையாகவே வந்திருக்கிறாரா?" என்று தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் அண்ணா பேசுவார் என்று ஒரு வரி இருந்தது. மறதி உங்களுக்குத் தானாக வந்தது. இந்தச் சந்தேகத்தைக் கொடுத்தது நான். இதோடுதான் இத்தனை வருடமும் இருக்கிறேன். இவரிடம்கூடச் சொன்னதில்லை.

நான் அங்கேதான் நின்றேன். கையில் உங்கள் கோட் இருந்தது. நீங்கள் கண்டது சரி.