டேவ் நடந்து கடந்த ஆறு

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் பனி. யானைமலையில் பாதியைக் காணோம். 8:10 பஸ் போய்விட்டது. அடுத்ததில் ஒத்தக்கடையிலிருந்து ஆரப்பாளையம் வரை நின்றபடி.

இன்றைய வேலை: மேட்ச் முன்னோட்டம் ஒன்று. ஆட்டம் 14ஆம் தேதி, சனி. டேவ் பெயரில்.

(இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. எனக்கே மறந்துவிடக் கூடாது என்று எழுதிவைக்கிறேன். டேவ் என்று ஒருவர் கிடையாது. இங்கிலாந்தில் ஒரு சின்ன கால்பந்து கிளப்பின் ரசிகர்களுக்கு ஒரு வெப்சைட். அதற்கு எழுதிக் கொடுப்பது பேக்கரி மாடியில் இருக்கும் எங்கள் ஆபீஸ். டேவ்: வயது 68, ரிட்டயர்டு, மனைவி இல்லை, நாய் இரண்டு, வெளியூர் ஆட்டம் ஒன்றையும் விடாதவர். மூன்று வருஷமாக அந்த டேவ் நான்தான். நான்: செல்வி, வயது 39, பாஸ்போர்ட் கிடையாது, நாய் என்றால் பயம்.)

இந்த முறை எதிரணி ரொம்பப் பழைய கிளப். கயிறு திரிக்கும் தொழிலாளிகள் ஆரம்பித்ததாம். இன்றைக்கும் அந்த அணிக்குக் ‘கயிற்றுக்காரர்கள்’ என்றே பெயர். அவர்கள் ஊர் நடுவே ஆறு. ஸ்டேஷன் தென்கரை, மைதானம் வடகரை.

முதலாளி சார் கொடுத்த அளவு:
ஊர் அறிமுகம் – 150 வார்த்தை
கிளப் வரலாறு – 200
போகும் வழி – 100
சாப்பாடு – 80
கணிப்பு – 1 வரி
‘டேவ் டச்’ – கொஞ்சம். (படிப்பவர் நெஞ்சைத் தொட வேண்டுமாம்.)

வரலாற்றுப் பகுதியை ஜாகிர் சொல்லச் சொல்ல எழுதினேன். பக்கத்து சீட், 26 வயது, வீடு காஜிமார் தெரு. கால்பந்து என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். எனக்கு ஆஃப்சைடு இன்னும் விளங்கவில்லை.

திரும்பி வரும்போது மாவு வாங்க மறந்தாயிற்று. ராத்திரிக்கு உப்புமா. வீட்டில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

ஜாகிர் லீவு. ஜும்ஆ தொழுகை, அப்புறம் மாமா வீட்டு விசேஷம்.

‘டேவ் டச்’ மட்டும் பாக்கி. மேப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்டேஷன், ஆறு, மைதானம். பாலமோ தள்ளி, கிழக்கே. எனக்கு உடனே தோன்றியது: இம்புட்டுத் தூரம் எதற்குச் சுற்றிப் போவார்கள்? எழுதினேன்:

“வெளியூர்க்காரர்கள் பாலத்தைச் சுற்றிப் போவார்கள். பழைய ஆட்கள் ஆற்றில் இறங்கி நேராக நடப்பார்கள். என் அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்து அப்படித்தான் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போவார். அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நான் அக்கரையைப் பார்ப்பேன்.”

எழுதும்போது கண் கலங்கிவிட்டது. கலங்காமல் என்ன செய்யும், அது என் அப்பா. ஆரப்பாளையம் பக்கம் வைகையில் இறங்கி, குறுக்கே நடந்து, செல்லூருக்குக் கபடி பார்க்கப் போவோம். மணல் சுடும் என்று என்னைத் தூக்கிக்கொள்வார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி இந்த நோட்டில் கூட ஒரு வரி எழுதியதில்லை. டேவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சார் நின்றபடியே படித்தார். “சூப்பர்ம்மா. போட்ரு.”

பிப்ரவரி 9, திங்கள்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. சிலிண்டர் புக் பண்ணினேன்.

உள்ளே நுழைந்ததும் ஜாகிர் முகமே சரியில்லை. ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினான்.

“அக்கா, ஆத்துல எறங்கி நடந்தாருன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“அங்க ஆத்துல தண்ணி ஓடும்க்கா.”

“எப்பவுமா?”

“எப்பவும்க்கா.”

ஆறு என்றால் நடுவில் தண்ணீர் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மதுரைக்காரிக்கு எப்படித் தோன்றும்? எங்கள் ஆற்றில் மாடு மேயும், கிரிக்கெட் ஆடுவார்கள், பொருட்காட்சி போடுவார்கள்.

கீழே முந்நூறு கமெண்ட். ‘டேவ் தண்ணீர் மேல் நடக்கிறார்.’ ‘டேவின் அப்பா எவ்வளவு உயரம்?’ ‘நாய்களும் நீந்தினவா?’ ஒருவர் டேவ் தலையை வாத்து உடம்பில் ஒட்டிப் படம் போட்டிருந்தார். (டேவ் தலை யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சார் எங்கிருந்தோ எடுத்தது.)

அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று சாரிடம் கேட்டேன். “எடுக்காதம்மா! மூணு வருசத்துல இம்புட்டுப் பேரு வந்ததே இல்ல.” வாசலுக்குப் போய் வடை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். நான் சாப்பிடவில்லை. சிரித்தவர்கள் டேவைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். ஆனால் தோளில் தூக்கிக்கொண்டு போனது என் அப்பா.

பிப்ரவரி 10, செவ்வாய்

டேவ் பெட்டிக்கு ஒரு மெயில். மாலை 4:20. தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

“அன்புள்ள டேவ். என் பெயர் கென். வயது 74. இந்த ஊரிலேயே பிறந்தவன். நீங்கள் எழுதியதை நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் எடுத்துக் காட்டினாள். கீழே சிரிப்பவர்களை விடுங்கள். அவர்கள் என்னைப் பார்த்தும் சிரித்தவர்கள்தான்.

என் அப்பா கயிற்று ஆலையில் வேலை பார்த்தவர். தினமும் கடல் உள்வாங்கும் நேரத்தில் எங்கள் ஆறும் சேறு தெரிய வற்றும். அப்போது ஆலை ஆட்கள் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சேற்றின் மேல் நடந்து மைதானத்துக்குப் போவார்களாம். அப்பா சொல்வார். நான் பார்த்ததில்லை. அவர் சொன்னதை நான் அறுபது வருஷமாகச் சொல்லி வருகிறேன், ஒருவரும் நம்பவில்லை. முதலில் அவரைப் புளுகன் என்றார்கள், பிறகு என்னை. என் மனைவி நம்பாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது நீங்கள் எழுதிவிட்டீர்கள். அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பாலத்தின் தென்முனையில் நிற்பேன். சிரித்தவர்களில் நால்வரைக் கூட்டி வருகிறேன். நீங்கள் ஒரே ஒரு முறை அவர்களிடம் சொன்னால் போதும். எனக்கு வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பத்திலிருந்து ஒன்று வரை நூலகம் திறந்திருக்கும். அப்போதுதான் மெயில் பார்ப்பேன். பதில் வராவிட்டால் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அன்புடன், கென்.”

மூன்று முறை படித்தேன். பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். துடைத்த பிறகும் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவர் நூலகம் பத்திலிருந்து ஒன்று என்றால் நமக்கு மாலை 3:30 – 6:30. அடுத்தது வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு சொல்ல வழியே இல்லை.

பிப்ரவரி 11, புதன்

சாரிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

“முட்டி வலி, வர முடியலன்னு ஒரு வரி எழுதிரும்மா. முடிஞ்சது சோலி.”

“அவரு அப்பா சொன்னது நெசம்னு நம்பிக்கிட்டு நாலு பேரக் கூட்டிட்டு வாராரு சார். நான் எழுதுனதே பொய்யாச்சே.”

“செல்விம்மா, டேவு உன் ஆளும் இல்ல, என் ஆளும் இல்ல. வெப்சைட்காரவுங்க ஆளு, காண்ட்ராக்ட்லயே இருக்கு. எழுதுறது யாருன்னு வெளிய சொன்னா நாளைக்கே ஒன்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

அதில் பொய் இல்லை. அவரைத் திட்டி எழுதலாம் என்றுதான் நோட்டைத் திறந்தேன். ஆனால் ஆற்றில் இறங்கி நடக்கச் சொன்னது சார் இல்லை.

முட்டி வலியை டைப் செய்தும் பார்த்தேன். என்ன அழகாக வந்தது! டேவ் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறார். அழித்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

விடியற்காலையில் வீட்டு மாடி மோட்டார் மறுபடி ரிப்பேர். என் வீட்டுக்காரர் பாண்டியே பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒத்தக்கடை முழுக்க மோட்டார் பார்க்கிறவர், சொந்த வீட்டு மோட்டாருக்கு மட்டும் நேரம் கிடைக்காது. டார்ச் பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். மூன்று வருஷம் இங்கிலீஷ் கிழவனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்றார். அப்புறம் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“அங்க போயி நிக்கப் போறது அவருதான?”

“ஆமா.”

“அப்பறம் என்னத்தா யோசிக்கிற? நாலு பேரு முன்னாடி ஒரு மனுசன நிக்க வச்சு அசிங்கப்படுத்தலாமா?”

“வேல போயிரும்ங்க.”

அவர் ஸ்பானரை மறுபடி கையில் எடுத்தார். மோட்டாரைப் பார்த்தார்.

மதியம் ஜாகிரும் நானும் தேடிப் பார்த்தோம். கயிற்று ஆலை, பலகை, சேறு என்று என்னென்னவோ போட்டு. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு போட்டோவில் தண்ணீர் வற்றியபோது இரண்டு கரையிலும் சேறு தெரிந்தது. பாதி ஆறு சேறுதான். “நடந்திருக்கலாம்க்கா, யாரு கண்டா” என்றான். எனக்காகச் சொன்னான்.

கடிதத்தை என் சொந்த மெயிலில் எழுதி முடித்தேன். ஏழு வரி. டேவ் இல்லை. நான் இந்தியாவில் இருக்கிறேன், ஒரு பெண். உங்கள் ஊரைப் பார்த்ததில்லை. ஆற்றில் நடந்தது என் அப்பா, வேறு ஆற்றில். என் பொய்யால் உங்கள் அப்பா சொன்னது பொய்யாகிவிடாது. தயவுசெய்து சனிக்கிழமை நிற்க வேண்டாம். மன்னிக்கவும், செல்வி.

நாளைக்கு 3:30க்கு அனுப்ப வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

3:30. எழுத்துப் பிழை பார்த்தேன்.

4:00. சார் பின்னால் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்க்ரீனை மாற்றினேன்.

4:45. டீ.

5:15. ‘இந்தியா’ என்ற சொல்லை எடுத்தேன். மறுபடி போட்டேன்.

5:50. சார் கிளம்பிவிட்டார். இனி ஒரு தடையும் இல்லை. இவள் யார், ஊரே தெரியாமல் என் ஊரைப் பற்றி எழுதியவள் என்று கென் நினைக்கப்போகும் அந்த நிமிஷம் மட்டும்தான் தடை. அவர் நினைப்பது எனக்குத் தெரியக்கூடப் போவதில்லை. அதற்குப் போய் இம்புட்டுப் பயம்.

6:20. ஜாகிர் பையைத் தூக்கிக்கொண்டு, “அனுப்பிட்டீங்களாக்கா?” என்றான். “அனுப்பிட்டேன்” என்றேன்.

6:41க்கு அனுப்பினேன்.

வேண்டுமென்றே தாமதித்தேனா? ஆமாம். வேறு எங்கும் சொல்ல முடியாது. இங்கே சொல்கிறேன். அனுப்பியதாகவும் இருக்கட்டும், அவர் படிக்காமலும் இருக்கட்டும் என்று எனக்குள் ஒருத்தி கணக்குப் போட்டாள். நூலகத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைத்திருப்பார்கள் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 14, சனி

ஆபீசில் அரை நாள்தான். ஆனாலும் 5 மணி வரை இருந்தேன். பதில் இல்லை.

பஸ் பாலத்தில் ஏறும்போது மணி 5:30. அங்கே பகல் பன்னிரண்டு. கீழே ஆற்றில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனார். நடுவில் ஆகாயத்தாமரை, சாக்கடைத் தண்ணீர் ஓரமாக ஒரு கோடு, நான்கு மாடு. நான் ஒரு பாலத்தில், கென் ஒரு பாலத்தில். சினிமா மாதிரி இருக்கிறதே என்று தோன்றியதும் என் மேலேயே எரிச்சல் வந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் சீட்டு. அவர் குளிரில் நின்றுகொண்டிருந்தார்.

8:30க்கு ஆட்டம். போனில் எழுத்து மட்டும் வந்துகொண்டிருந்தது. கயிற்றுக்காரர்கள் 2, நம்மவர்கள் 0. டேவ் 1–1 என்று கணித்திருந்தார்.

பாண்டி தோசை ஊற்றிக் கொடுத்தார்.

பிப்ரவரி 16, திங்கள்

அடுத்த முன்னோட்டம் வந்துவிட்டது. வேறு ஊர். சார் சிரித்துக்கொண்டே கேட்டார்: “அங்க ஆறு இருக்காம்மா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு அனுப்பினேன் என்று ஜாகிரிடம் சொன்னேன். “ஏன்க்கா?” என்று மட்டும் கேட்டான். நான் அடுத்த ஊரின் மேப்பைத் திறந்தேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான், சாயங்காலம்தான் கழற்றினான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வெயில். கறிவேப்பிலை, வெங்காயம், மோட்டாருக்கு கெபாசிட்டர்.

3:58. என் மெயிலுக்குப் பதில் வந்துவிட்டது. ‘அன்புள்ள’ இல்லை. பெயர் இல்லை.

“பன்னிரண்டிலிருந்து இரண்டே முக்கால் வரை பாலத்தில் நின்றேன். நால்வரும் நின்றார்கள். உங்கள் ரயில் தாமதம், எனக்குத் தகவல் வந்தது என்று அவர்களிடம் சொன்னேன். அறுபது வருஷத்தில் அவர்களிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அதை மட்டும் நம்பினார்கள்.

உங்கள் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். எப்போது அனுப்பியது என்பதும் அதிலேயே இருக்கிறது.

உங்கள் அப்பா நடந்தது எந்த ஆறு?”

மணி 4:10. நூலகம் மூட இரண்டு மணி இருபது நிமிஷம் இருக்கிறது. சார் பின்னால்தான் நிற்கிறார். எழுத ஆரம்பித்துவிட்டேன்.