கொட்டாத தண்ணீர்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. அத்தானுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. முப்பது வருஷம் தச்சு வேலையில் மரத்தூளைச் சுவாசித்த நுரையீரல் இனிப் புதிதாகிவிடாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீ அனுப்பிய விளம்பரத் தாளைப் படித்தேன், தூசியைத் தண்ணீரில் பிடிக்கிற வாக்குவம் மெஷின் விற்கிற வேலையாமே. போனில் பேசினால் என்னை வாய் திறக்க விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். ஹோட்டலில் பதினொரு வருஷமாகத் தினம் பதினாறு அறைக்கு வாக்குவம் போடுகிறவள் நான். எனக்கே காதில் பூ சுற்றாதே. நிமிர்ந்து நிற்கிற பை மெஷினில் என்ன குறை? பை நிறைந்தால் வாயை மூடி அப்படியே குப்பையில் போடலாம். உள்ளே போன தூசி உள்ளேயே கிடக்கும். பாதி நிறைந்ததுமே இழுவை குறையும், மாற்றுப் பைக்கு அலைய வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். உன் தண்ணீர் மெஷினைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும் போலிருக்கிறதே.

இந்த வேலையாவது உனக்கு நிலைக்கட்டும். அத்தான் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன் அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் விற்பனைக் கூட்டத்தில் படித்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பை என்பது வெறும் காகிதம்தானே அக்கா? பெரிய தூசியைப் பிடிக்கும், மாவு மாதிரி இருப்பதைப் பின்பக்கமாக ஊதிவிடும். அத்தான் அதைத்தான் சுவாசிக்கிறார். தண்ணீரில் விழுந்த தூசி மறுபடி எழுந்து பறக்குமா, நீயே சொல்.

கிடங்கிலிருந்து ஒன்று அனுப்புகிறேன். வீட்டுச் சொந்தக்காரர் தரையிலிருந்து எடுக்க விடாத அந்தக் கம்பளத்தில் ஓட்டிப் பார். பதிலுக்கு எனக்கு ஒரே ஒரு உதவி. தண்ணீரை உடனே கொட்டிவிடாதே. அந்தக் கறுப்பைக் கண்ணால் பார்த்தால்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். இரண்டு மூன்று வாரம் தொட்டியிலேயே விட்டு வை, உன் கட்டடத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டு. வாடை வந்தால் பெட்டியில் வாசனைத் துளி இருக்கிறது, நாலு சொட்டு விடு.

மார்ச் முடிவதற்குள் ஆறு விற்றால் நிரந்தரமாக்குவார்கள். இது எனக்கு மூன்றாவது வேலை. இதுவும் போனால் உன் முன்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்?

உன் தம்பி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

முதல் நாள் தண்ணீரைப் பார்த்து அத்தான் அசந்துபோனார். "இம்புட்டும் என் நெஞ்சுக்குள்ளயா போய்க்கிட்டு இருந்துச்சு?" என்றார். பை மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். உன்னிடம் தோற்றுவிட்டேன், சந்தோஷம்தானே?

நீ சொன்னபடி கொட்டவில்லை. கீழ்வீட்டுத் தையற்காரம்மா பார்த்துவிட்டு அப்போதே ஒன்று கேட்டாள். எதிர்வீட்டு டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டே பார்த்தாள், அவளுக்கும் வேண்டுமாம். ஐந்தாம் நாளே வாடை தாங்கவில்லை, துளி விட்டேன். ஒருநாள் நின்ற வாளித் தண்ணீரைக்கூடத் தொடாதவள் நான். ஹோட்டலில் எந்தப் பெண்ணாவது இப்படி விட்டுவைத்தால் கத்தித் தீர்த்துவிடுவேன். உனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அதே தண்ணீரோடு தினமும் ஓட்டுகிறேன்.

அத்தானுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பருவம் மாறுகிறது, அதனால் இருக்கும்.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். உன் கட்டடத்து இரண்டையும் சேர்த்து ஐந்தாகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. மாடியில் யாரோ புதிதாகக் குடிவந்ததாகப் போனில் சொன்னாயே, அவர்களை விட்டுவிடாதே. அதுவரை அந்தத் தண்ணீர் அப்படியே இருக்கட்டும்.

முடிந்தால் அத்தானை இரண்டு வரி எழுதித் தரச் சொல், இப்போது மூச்சு எப்படி இலகுவாக இருக்கிறதென்று. அவர் சொன்னால் எவரும் நம்புவார்கள். காய்ச்சல் இரண்டு நாளில் ஓடிவிடும், கவலைப்படாதே.

உன் தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பதினான்கு நாளாகிறது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தை பேசினால் உதடு நீலமாகிவிடுகிறது.

வீட்டில் புதிதாக என்ன வந்தது என்று டாக்டர் கேட்டார். மெஷினைப் பற்றிச் சொன்னேன். தண்ணீரை எப்போது மாற்றினீர்கள் என்றார். வீட்டுக்கு ஓடித் தொட்டியைக் கழற்றினேன். சுவரெல்லாம் வழவழவென்று பச்சையும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. மூன்று வாரம் அந்தப் பூஞ்சையைத்தான், ஏற்கெனவே ஓட்டையான நுரையீரலுக்குள், வாசனை சேர்த்து நானே ஊதியிருக்கிறேன். ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதியிருக்கிறேன், வெளித்தூசி வரக் கூடாதென்று.

பெட்டிக்குள் இருந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். எட்டாம் பக்கத்துக்குப் பிறகு பதினொன்றாம் பக்கம் வருகிறது. நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது.

கிழித்தது நீயா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

ஆமாம். நான்தான் கிழித்தேன்.

ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, காயவைக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். தேங்கிய தண்ணீரோடு ஓட்டக் கூடாது என்றும் இருக்கும். அதைப் படித்தால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள் என்று பயிற்சி கொடுத்தவர் எல்லாப் பெட்டியிலும் கிழிக்கச் சொன்னார். ஆனால் இது உன் வீட்டுக்கு வருகிற பெட்டி என்று தெரிந்தேதான் கிழித்தேன். நீ படித்தால் சிரித்துவிட்டுப் பை மெஷினுக்கே போய்விடுவாய் என்று நினைத்தேன். வாடை மட்டும்தான் வரும் என்று இருந்தேன், இவ்வளவு தூரம் போகும் என்று சத்தியமாகத் தெரியாது.

வேலையை விட்டுவிட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே கிளம்பி வந்து அத்தான் காலைப் பிடித்துக்கொள்கிறேன். வரட்டுமா அக்கா?

தம்பி

ஏப்ரல் 16

தம்பி,

அத்தான் போய் ஒன்பது நாளாகிறது. உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மறந்துபோய் இல்லை, வேண்டுமென்றேதான்.

உன் கடிதம் வந்த அன்று அவருக்கு நல்ல நினைவு இருந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் படி என்று சைகை காட்டினார். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் படித்தேன், நீ எழுதாத ஒரு கடிதத்தை. ஆறாவது மெஷினும் விற்றுவிட்டதாம், உன்னை நிரந்தரமாக்கிவிட்டார்களாம், முதல் சம்பளத்தில் அத்தானுக்குச் சட்டை எடுத்துக்கொண்டு வருகிறாயாம். தாளைத் திருப்பித் திருப்பி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கினார்.

"பய பொழச்சுக்கிட்டான்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அந்த நிம்மதியோடுதான் போனார். அதைக் கொடுத்தது உனக்காக இல்லை, அவருக்காக. அவர் உன்னை மன்னித்தாரா என்று என்னைக் கேட்காதே. மன்னிக்க ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கொட்டாதே என்றது நீ, கொட்டாமல் இருந்தது நான். தினமும் சுத்தம் செய்து பிழைக்கிறவள், நாற்றம் தெரிந்தும் துளி விட்டவள். என் பங்கை நான் சாகிறவரை சுமப்பேன். உன் பங்கை இறக்கிவைக்க என் வாசலுக்கு வராதே.

இனி எழுதவும் வேண்டாம். உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்க இந்த வீட்டில் யாரும் இல்லை.

அவர் மனைவி