வீபா மட்டும் விடை சொல்லவில்லை

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது முடிவு செய்தேன். வலைப்பூவை மூடிவிடலாம்.

பெரிய காரணம் எதுவும் இல்லை. கணவர் பிரெபென் என்னை விட்டுப் போன இலையுதிர்காலத்தில், பேசுவதற்கு ஆள் இல்லாமல் தொடங்கியது. ‘அடுப்படி ஜன்னல்’ என்று பெயர் வைத்தேன். ரொட்டி உப்பியது, உப்பாமல் போனது, ஏரிக்கரையில் நின்ற நாரை, நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் என்னிடம் சண்டை போட்டவர்கள் — இவ்வளவுதான் எழுதினேன். ஒரு காலத்தில் நிறையப் பேர் படித்தார்கள். இப்போது ஒரு கைப்பிடி. மற்றவர்கள் படம் போடும் தளங்களுக்குப் போய்விட்டார்கள். அக்கா இங்கெர் கேட்பது போல, யார்தான் இதையெல்லாம் படிக்கிறார்கள்?

வீபா படிக்கிறாள். அது தெரியும். நான் வேலைக்குக் கிளம்புமுன் வரும் முதல் பின்னூட்டம் அவளுடையது. எப்போதும் ஒரே வரி. “இங்கே தென்மேற்குக் காற்று. உங்கள் ரொட்டி என்ன ஆயிற்று?” மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் என் உடம்பு நெருப்பாய்க் கொதித்த அந்த மாதங்களைப் பற்றி எழுதியபோது, “ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்குக் காசு கிடையாது” என்றாள். சிரித்துக்கொண்டே திறந்து வைத்தேன்.

ஒருமுறை, யார் நீங்கள், எந்த ஊர் என்று கேட்டேன். “தெரியாமலே இருக்கட்டும். அதனால்தான் இங்கே வர முடிகிறது” என்று பதில் வந்தது. இனி கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கேட்கவும் இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

விடைபெறும் பதிவை எழுதி அழித்தேன். நன்றி என்ற சொல்லையே எத்தனை தடவைதான் போடுவது?

ஜனவரி 14, ஞாயிறு

மாலையில் போட்டுவிட்டேன். சிறியதுதான். “இந்த ஜன்னலை மாதக் கடைசியில் சாத்துகிறேன். யார் மீதும் வருத்தம் இல்லை. நீங்கள் என்னோடு காப்பி குடித்த காலைகளுக்கு நன்றி.”

போட்டபின் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. பட்டாணி சூப் சுட வைத்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

இத்தனை பேரா! வாயே திறக்காமல் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இன்று எழுதியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஐனார், “என்னைக் கேட்காமல் எப்படி மூடலாம்?” என்று கோபித்திருக்கிறார். ஸ்வென்போர் ஊரிலிருந்து எல்லினோர் என்று ஒரு பெண். என் பதிவைப் பார்த்து மீன் பொரியல் செய்துதான் கணவரை மடக்கினாளாம். பிறகு விவாகரத்து ஆகிவிட்டதாம், ஆனால் மீன் இன்னும் நன்றாக வருகிறதாம்.

மதிய இடைவேளையில் மருந்து வாசனை அடிக்கும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். கண் கலங்கியது. எனக்கு இது போதும், நிறைவாக மூடலாம்.

வீபாவிடமிருந்து ஒன்றும் இல்லை. யோசித்து எழுதுவாள்.

ஜனவரி 16, செவ்வாய்

இன்றும் இல்லை.

சரி, போகட்டும். எனக்கென்ன? முகம் தெரியாத ஒருத்தி. ஆனா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எவ்வளவு சொல்லியிருக்கேன் அவகிட்ட! பிரெபென் அந்தப் பொண்ணைக் கல்யாணம் பண்ணின அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லாததை அவகிட்டதானே சொன்னேன்?

மாலை — கோபம் வடிந்துவிட்டது. அதன் இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. வீபா சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை. கோடையில் எங்கோ போனபோதுகூட, “வியாழன்வரை வரமாட்டேன், தேட வேண்டாம்” என்று எழுதிவிட்டுப் போனவள். விடை கொடுக்க மனமில்லாவிட்டாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றாவது எழுதியிருப்பாள்.

இங்கெரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் செவிலியாக இருந்தவள், எதற்கும் பதறமாட்டாள்.

“ஏண்டி போடில், கடையை மூடறேன்னு நீயே பலகை மாட்டிட்ட. அப்புறம் வாடிக்கைக்காரங்க வரலைன்னா?”

அது வேற, இது வேற என்றேன்.

“போகணும்னு நினைச்சவங்க போயிட்டாங்க. யாருன்னு கேட்கமாட்டேன்னு வாக்குக் கொடுத்தது நீதானே? விட்டுடு.”

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை பின்னூட்டங்களைத் திறந்து பார்த்தேன்.

ஜனவரி 17, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலையிலும் பின்னூட்டம் இல்லை. வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு முதலில் காவல் துறையை அழைத்தேன். அந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். பெயரும் முகவரியும் இல்லாமல் எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்டார். அதுவும் சரிதானே?

பிறகு வீபா இதுவரை எழுதியதையெல்லாம் தோண்டிப் படித்தேன். “காற்று பலம். படகு வராது. ஆகவே ஈஸ்ட்டும் வராது.” “பால் தீர்ந்தது. நாளை அக்கரைக்குப் போக வேண்டும்.” போன மார்ச்சில் ஒன்று: “மாட்டு வைத்தியரும் பாதிரியாரும் ஒரே படகில் வந்து இறங்கினார்கள். யாருக்கு யார் என்று கரையில் குழப்பம்.” அப்போது இதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். இன்றைக்குத்தான் உறைத்தது: சின்னத் தீவு, குளிர்காலம், அனேகமாகத் தனியாக இருப்பவள். நம் நாட்டில் அப்படி எத்தனை தீவு!

அறிவிப்பை எழுதிவிட்டு, பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். தெரியாமலே இருக்கட்டும் என்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நானே ஊரறிய உடைப்பதா? அவள் நலமாக இருந்தால் இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள். நலமாக இல்லையென்றால்? — விழிக்காமலே போகட்டும், உசிரோட இருந்தாப் போதும்.

அழுத்தினேன். “வீபா என்ற பெயரில் இங்கே எழுதுபவரை யாருக்காவது தெரியுமா? ஏதோ ஒரு சிறு தீவில் இருக்கிறார். அவர் அமைதியாக இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. தவறாக நினைத்திருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.” கூடவே அந்த மாட்டு வைத்தியர் கதையையும் என் எண்ணையும் போட்டேன்.

காப்பி ஆறுவதற்குள் தொலைபேசி அடித்தது. மீன் பொரியல் எல்லினோர்.

“அந்த வைத்தியர் கதையை நான் கேட்டிருக்கேன். என் அக்கா வீட்டுக்காரர் பல்லெ, டிரையோ தீவுக்குப் போற படகுல வேலை பாக்கறார். அவங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போனதே அவர்தான். இருங்க, கேட்டுச் சொல்றேன்.”

மறுபடி அழைத்தாள். தீவில் வீபா என்று பெண் யாரும் இல்லையாம்.

“ஆனா அந்தப் பேர்ல ஒரு சின்னப் படகு இருக்காம். ஒருத்தர் வீட்டு முற்றத்துல கவுத்துப் போட்டிருக்காம். பக்கத்து வீடெல்லாம் குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடக்காம். கரை தட்டினதும் பல்லெ போய்ப் பாக்கறேங்கறார்.”

காத்திருந்த நேரத்தில் அடுப்பின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினேன். ஏன் என்று தெரியாது.

கடைசியில் அழைப்பு வந்தது. எல்லினோர் அழுதுகொண்டிருந்தாள்.

“இருக்காரு. உயிரோட இருக்காரு.”

“இருக்காரா? யாரு?”

“உங்க வீபாதான். ஆம்பளை.”

அவர் பெயர் ஹோல்கர். திங்கள் காலையிலிருந்து பின்கட்டுத் தரையில், இடுப்பு எலும்பு முறிந்து கிடந்திருக்கிறார். கொக்கியில் தொங்கிய கோட்டுகளைக் கைத்தடியால் இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறார். கைக்கு எட்டியது பூனையின் தண்ணீர்க் கிண்ணம். அதைத்தான் குடித்திருக்கிறார். பல்லெ உள்ளே போனபோது பூனை அவர் நெஞ்சின் மேல் படுத்திருந்ததாம். ஹெலிகாப்டர் வந்து ஓடென்சா நகர மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்கிறது.

இன்னொரு ராத்திரி தாங்கியிருக்கமாட்டார் என்று பல்லெ சொன்னாராம்.

ஜனவரி 18, வியாழன்

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எல்லினோர் சொன்னாள்.

வலைப்பூவில் ஒரு வரி போட்டேன்: “கிடைத்துவிட்டார். பிழைத்துவிட்டார்.” அதன் கீழே ஐனார், “நான் அழவில்லை, வெங்காயம் நறுக்குகிறேன்” என்று எழுதியிருக்கிறார். என் வேண்டுகோளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியவர்கள், வேறு தீவுகளின் படகுத்துறைகளை அழைத்து விசாரித்தவர்கள் — யார் யாரோ. இவர்கள் எல்லாம் நேற்று தங்கள் வேலையைப் போட்டுவிட்டு எனக்காக, முகம் தெரியாத ஒருவருக்காக அலைந்திருக்கிறார்கள். இவர்களைத்தானா நான் ஒரு கைப்பிடி என்று எண்ணினேன்?

இங்கெர் அழைத்தாள். நீ செய்தது சரி, நான் சொன்னது தப்பு என்று சுருக்கமாகச் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடுத்த மூச்சிலேயே, “அதிருக்கட்டும், உள்பாடி வாங்கப் போன கதை வரைக்கும் அந்த மனுஷன்கிட்டே சொல்லி வச்சிருக்கியே, இப்ப என்ன பண்ணப் போற?” என்று கேட்டுச் சிரித்தாள்.

எனக்கும் அதே யோசனைதான். படுக்கையில் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 3, சனி

ஓடென்சாவுக்கு ரயிலில் போய்வந்தேன். கையில் நான் சுட்ட ரை தானிய ரொட்டி. இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று தோன்றியது. பார்க்க அவருக்கு விருப்பம் இல்லையென்றால் சொல்லிவிடலாம் என்று முன்பே செவிலியிடம் சொல்லியிருந்தேன். வரட்டும் என்றாராம்.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெட்டையான மனிதர், பெரிய கைகள், சவரம் இன்றைக்குத்தான் செய்துகொண்ட மாதிரி இருந்தது. நான் எழுத்தில் கண்ட ஆள் இவர்தானா என்று தேடினேன். அவரும் அப்படித்தான் பார்த்தார்.

“நீங்க குள்ளமா இருப்பீங்கன்னு நினைச்சேன்” என்றார்.

“நான் உங்களைப் பொம்பளைன்னு நினைச்சேன்” என்றேன்.

இருவரும் சிரித்தோம். சிரித்தால் அவருக்கு இடுப்பு வலிக்கிறது. போதும் என்று கையைக் காட்டினார்.

படகின் பெயரைத்தான் சும்மா போட்டிருந்தாராம். அது ஆள்காட்டிப் பறவையின் பெயர். பெண்களுக்கும் வைக்கும் பெயர் என்பது அவர் நினைவுக்கே வரவில்லை. “நீங்க என்னைப் பொம்பளைன்னு நினைச்சே பேச ஆரம்பிச்சிட்டீங்க. திருத்தலாம் திருத்தலாம்னு இருக்கறதுக்குள்ள ரொம்பத் தூரம் போயிடுச்சு.” காது நுனிவரை சிவந்திருந்தது. கூச்சம் எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததும் என் கூச்சம் போய்விட்டது.

மனைவி இறந்தபின், தீவில் எல்லோரும் அவரைப் பார்த்தாலே குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்களாம். யார் என்றே தெரியாத ஓர் இடத்தில், ரொட்டியைப் பற்றி மட்டும் பேச வேண்டும் போல இருந்ததாம்.

அன்று என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டேன்.

“உங்க அறிவிப்பைக் காலையில படிச்சேன். என்ன எழுதறதுன்னு தெரியல. எழுதி எழுதி அழிச்சேன். சரி, துணியாவது துவைப்போம்னு எழுந்து போனேன். தரை ஈரமா இருந்துச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்ப நான் எழுதினதாலதான் —”

“அதனாலதான் விழுந்தேன். அதனாலதான் நீங்க என்னைத் தேடினீங்க. வேற நாளா இருந்தா, வேலையா இருப்பாங்கன்னு விட்டிருப்பீங்க.” நான் கொண்டுபோன ரொட்டியைப் பிரித்துப் பார்த்தார். “தரையில கிடந்தப்ப ஒண்ணுதான் உறுத்திச்சு. அந்தம்மா என்னை நன்றியில்லாதவன்னு நினைச்சிருக்குமேன்னு.”

நினைத்தேன்தான். அவரிடம் சொல்லவில்லை. வாக்கை மீறியதற்கு மன்னிக்கச் சொன்னேன்.

“யாருன்னு கேக்காதீங்கன்னு சொன்னேன்” என்றார் ஹோல்கர். “தேடாதீங்கன்னு சொல்லலியே.”

திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஈஸ்டர் நோன்பு தொடங்குமுன் வரும் ஞாயிறு. கிரீம் பன் செய்தேன், பாதி கருகியது. அப்படியே எழுதினேன். எல்லோரும் தங்கள் கருகலைப் பற்றி எழுதினார்கள். மாதக் கடைசி வந்து போனதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

இன்று புதிய அறிவிப்பு. மூடவில்லை. தினமும் எழுதுவேன் என்று சொல்லவும் இல்லை, எழுத ஏதாவது இருக்கும்போது எழுதுவேன். ஆனால் காலையில் பக்கம் திறந்திருக்கும். தனியாக இருப்பவர்கள் விரும்பினால் ஒரு சொல் போட்டுவிட்டுப் போகலாம். ஒரு நாள் சொல் வராதவர்களை மதியத்துக்குள் எங்களில் யாராவது அழைப்போம். எல்லினோர் தொலைபேசி எண்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறாள்.

ஐனாருக்குப் பிடிக்கவில்லை. “நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, தினம் கையைத் தூக்க?” என்று நீளமாகத் திட்டி எழுதினார்.

மார்ச் 11, திங்கள்

முதல் ஆளாக ஐனார்: “உள்ளேன்.”

ஏப்ரல் 2, செவ்வாய்

ஹோல்கர் வீடு திரும்பிவிட்டார். பல்லெதான் படகிலிருந்து கைப்பிடித்து இறக்கினாராம். தினமும் மாலையில் பேசுகிறோம். எழுத்தில் ஒரே வரியாக இருந்தவர், தொலைபேசியில் நிறுத்தவே மாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பிரெபெனைக் கடையில் பார்த்தேன். அந்தப் பெண்ணும் கூட இருந்தாள். நலமா என்றார். நலம் என்றேன். வெளியே வந்து கார்க் கதவைத் திறந்தபோதுதான் கவனித்தேன் — பொய் சொல்லவில்லை.

மே 11, சனி, டிரையோ

நேற்று வந்தேன், புதன்வரை இங்கேதான். இது என் மூன்றாவது வரவு. ஹோல்கர் தடியில்லாமல் தோட்டத்தின் எல்லைவரை நடக்கிறார், பிறகு தடியைக் கேட்டுக் கத்துகிறார். காலையில் படகைச் சுரண்டிப் புதுச் சாயம் பூசத் தொடங்கினோம். முழங்கைவரை நீலம். உருளைக்கிழங்குச் செடி முளைவிட்டிருக்கிறது. அறுவடைக்கு நான் இங்கே இருப்பேன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை.

வேலையை வாரத்தில் பாதி நாளாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவமனையில் கேட்டிருக்கிறேன். இங்கெரிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

புதன்வரை பதிவு வராது, யாரும் கவலைப்பட வேண்டாம் என்று நேற்றே அறிவித்துவிட்டேன். அப்படியும் மதியம் எல்லினோர் அழைத்தாள். ஒன்றுமில்லையாம், சும்மாவாம். சாப்பாடு என்ன என்று கேட்டாள்.

மீன்தான். ஹோல்கர் அடுப்பில் நிற்கிறார். திரும்பிப் பார்க்காமலே, என்ன எழுதறீங்க என்று கேட்கிறார்.

ஒண்ணுமில்லை, மீனைத் திருப்பிப் போடுங்க என்றேன்.